அருளப்பனும் ஜோஹனும்

தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியும் பெயர் முடிவாகவில்லை. அம்மா ஒரே பிடியாக நின்றார்: "அய்யா பேருதான்." அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அவர் பெயர் அருளப்பன்.

எங்கள் பக்கத்தில் முதல் பேரனுக்கு அய்யா (அப்பாவின் அப்பா) பெயர் வைப்பது பேசி முடிவு செய்கிற விஷயமே இல்லை. செட்டியார் வீடுகளில் இன்னும் கண்டிப்பு. காரைக்குடியில் அப்பா ஆரம்பித்த அச்சகத்தை இப்போது நான்தான் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்க்கும்போது ஒரே பத்திரிகையில் மூன்று பழனியப்பன், இரண்டு மெய்யப்பன் வருவார்கள். வீட்டு இனிஷியலை வைத்துத்தான் யார் எந்த வீடு என்று தெரியும். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே.

தம்பி மனைவிக்கு ஜோஹன் என்ற பெயர்தான் வேண்டும். "கூப்பிட நல்லா இருக்கு அண்ணி, ஸ்கூல்லயும் சுலபம்" என்றாள். அம்மா தம்பியைப் பார்த்து, "நம்ம வகையறாவுல யாருக்குமே இல்லாத பேரு எதுக்குப்பா?" என்று கேட்டார்.

அதைக் கேட்டதும் எனக்கு லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் ஞாபகம் வந்தது. வயதான காலத்தில் எலிசபெத்துக்குப் பிள்ளை பிறக்கிறது. எட்டாம் நாள் கூடிய சொந்தபந்தம், தகப்பன் பெயரான சக்கரியாவையே வைக்கப் பார்க்கிறது. தாய் ஒத்துக்கொள்ளவில்லை, யோவான்தான் என்கிறாள். "உன் உறவில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லையே" என்கிறார்கள். அப்படியே அம்மாவின் கேள்வி! பேச முடியாமல் இருந்த சக்கரியாவிடம் சைகையில் கேட்க, அவர் எழுதுபலகை வாங்கி "இவன் பெயர் யோவான்" என்று எழுதுகிறார். உடனே அவர் நாக்குக் கட்டு அவிழ்கிறது.

அந்த வாரமே வேறு ஒரு காரியத்துக்காக அப்பாவின் ஞானஸ்நானச் சீட்டு தேவைப்பட்டது. தேவகோட்டைக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் பூர்வீகப் பங்குக் கோயிலுக்குப் போனேன். பழைய பதிவேடு, லத்தீனில் எழுதியது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. தாத்தா பெயர், பாட்டி பெயர், தேதி எல்லாம் சரி. பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் "யோவான்னெஸ்" என்று இருந்தது. "இது யாரு சாமி? எங்கப்பா பேரு அருளப்பனாச்சே" என்றேன். பங்குச் சாமியார் சிரித்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார்.

அன்றைக்கு அவர் சொன்னதும், அப்புறம் நானே தேடிப் படித்ததும் சேர்ந்ததுதான் இது. மூலப் பெயர் எபிரேயத்தில் யோஹானான். 'யோ' என்பது கடவுளின் பெயருடைய சுருக்கம். 'ஹானான்' என்றால் இரங்கினார், அருள் செய்தார். பழைய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் எரேமியா நூலில் வரும் கரேயாவின் மகன் யோஹானானை யோஆனான் என்று ஏறக்குறைய உள்ளபடியே விட்டார்கள். நடுவில் வரும் ஹகரத்துக்கு மட்டும் அவர்களிடம் எழுத்து இல்லை. பிற்காலத்து நூல்களில் கிரேக்க விகுதி சேர்ந்து யோஆன்னேஸ் ஆகிவிட்டது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கிரேக்க விவிலியக் கையெழுத்துப் பிரதியில் இரண்டு 'ன' வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருக்கிறதாம். புரூஃப் பார்க்கிறவளுக்கு இப்படிப்பட்ட செய்தி கிடைத்தால் அன்றைக்குத் தூக்கம் வராது.

புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்க்காரர்கள் நிறையப் பேர். திருமுழுக்கு யோவான், செபதேயுவின் மகன் யோவான், மாற்கு என்னும் யோவான், திருத்தூதர் பணிகள் நூலில் தலைமைக் குரு குடும்பத்து யோவான் ஒருவர், திருவெளிப்பாடு எழுதிய யோவான். பேதுருவின் தகப்பனுக்கும் யோவான் நற்செய்தி இதே பெயரைத்தான் சொல்கிறது. இன்னாருடைய மகன், இன்ன பெயரும் உடையவன் என்று கூடவே சொன்னால்தான் ஆள் தெரியும். எங்கள் ஊர் இனிஷியல் மாதிரிதான். பெண்பாலில் யோவன்னா, ஏரோதின் வீட்டு அதிகாரி கூசாவின் மனைவி.

என்னை உட்கார வைத்தது கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கிற மக்கபேயர் முதல் நூல். மத்தத்தியாவின் தகப்பன் யோவான், தாத்தா சிமியோன். மத்தத்தியாவுக்கு ஐந்து பிள்ளைகள். மூத்தவன் யோவான், அடுத்தவன் சீமோன். அதாவது முதல் பிள்ளைக்கு அய்யா பெயர், இரண்டாவதற்குப் பூட்டன் பெயர். பேர்பெற்ற யூதா மக்கபே மூன்றாவதுதான். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, அந்தக் காலத்துலயே" என்றார்.

நம்மவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கிரேக்கமும் லத்தீனும் ஓசையைக் காப்பாற்றின, பொருள் போய்விட்டது. தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஓசையை விட்டுப் பொருளை எடுத்தார்கள்: அருளப்பர். லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோ என்ற குரு இங்கே வந்து அருளானந்தர் ஆனார். திருவாடானைப் பக்கம் ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலையை வெட்டினார்கள். அந்தச் செம்மண்ணை அம்மா இன்றும் சின்ன டப்பாவில் வைத்திருக்கிறார். 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அருளப்பர் என்பது யோவான் ஆகிவிட்டது. எல்லாச் சபைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்ற நியாயம் புரிகிறது. ஆனாலும் எனக்கு அருளப்பர்தான் யோஹானானுக்குக் கிட்டத்தில் நிற்கிறார்.

முஸ்லிம் வீட்டுப் பத்திரிகைகளில் நான் அடிக்கும் யஹ்யாவும் சக்கரியாவின் மகன் யோவானேதான். குர்ஆனில் ஜகரிய்யாவுக்குப் பிள்ளைச் செய்தி வரும்போது, இதற்குமுன் இந்தப் பெயரை யாருக்கும் வைத்ததில்லை என்று வருகிறது.

ஜோஹன்? அது யோஆன்னேஸ் ஐரோப்பாவைச் சுற்றிவந்த வடிவம். இரண்டு பேரும் ஒரே பெயருக்காகத்தான் நாற்பது நாள் முகம் திருப்பியிருந்தார்கள். இதைச் சொன்னபோது அம்மா பேசவில்லை. "அம்மா, அன்னம்மாள்னு உங்க பேரு இருக்கே, அன்னாங்கிறதும் அதே ஹானான்லேர்ந்து வந்ததுதான்" என்றேன். "எம் பேருமா?" என்று இரண்டு முறை கேட்டார். அப்புறம் எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கி மருமகள் மடியில் வைத்தார்.

ஞானஸ்நான அழைப்பிதழில் ஜோஹன் அருளப்பன் என்று போட்டோம். ஜோஹன் கம்ப்யூட்டர் எழுத்து. அருளப்பனுக்கு மட்டும், அச்சிட்டவர் பெயர் போட அப்பா கோத்துக் கட்டி வைத்திருந்த ஈய எழுத்து வரியை எடுத்தேன். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி வலமிருந்து இடமாக இருக்கும். 'ப்'பின் புள்ளி தேய்ந்திருந்தது. மை தடவி நூற்றைம்பது அழைப்பிதழிலும் கையாலேயே அழுத்தினேன். அந்தப் புள்ளி சிலவற்றில் விழுந்திருக்கிறது, சிலவற்றில் விழவில்லை.