மீனம்பாக்கத்திலிருந்து வாகைகுளம் எவ்வளவு தூரம்?

சென்னையிலிருந்து விமானத்தில் வருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் பாளையங்கோட்டையில் இருக்கும் என் அம்மா, "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் நான் ஒவ்வொரு கணக்குச் சொல்வதாகச் சென்ற மாதம் அவரே சுட்டிக்காட்டியபோதுதான், இதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் தூரம். தூத்துக்குடி விமான நிலையம் தூத்துக்குடி நகரில் இல்லை. திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில் வாகைகுளத்தில் இருப்பதால் இரு ஊர்களுக்கும் அதுவே விமான நிலையம். மீனம்பாக்கத்திலிருந்து அதற்கு வரைபடத்தில் நேர்க்கோடு ஒன்று இழுத்தால் ஏறத்தாழ 527 கிலோமீட்டர் வருகிறது. அந்தக் கோடு தஞ்சாவூருக்கும் காரைக்குடிக்கும் அருகே சென்று, மதுரையை வலப்புறத்தில் வெகுதூரம் ஒதுக்கிவிடுகிறது. விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை என்று வளைந்து வரும் ரயில் பாதையோ திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர்.

நேரக் கணக்கில்தான் சிக்கல். பயணச்சீட்டில் போடும் ஒன்றரை மணி நேரம் வானில் பறக்கும் நேரமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரையிலான நேரம். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஏடிஆர் என்ற ப்ரொப்பல்லர் விமானம், மேலேறுவதையும் இறங்குவதையும் சேர்த்து, வானில் இருப்பது ஒன்றேகால் மணி நேரம்தான். மீதி ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதிலும், முறைக்குக் காத்திருப்பதிலும் கழிகிறது.

இத்தனை காலமும் இங்கே ப்ரொப்பல்லர் விமானங்களே வந்துகொண்டிருந்ததற்குக் காரணம், ஓடுபாதையின் நீளம் வெறும் 1,350 மீட்டராக இருந்ததுதான். ஏர்பஸ் போன்ற ஜெட் விமானங்களுக்கு அது போதாது. இப்போது அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கிறது; புதிய முனையமும் 2025 ஜூலை 26 அன்று திறந்து வைக்கப்பட்டது. இனி அரை மணி நேரத்தில் ஊர் வந்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் மகிழ்ந்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட் விமானம் தன் முழு வேகத்தை எட்டிச் சிறிது நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிட வேண்டும் என்பதால், மிச்சமாவது இருபது, இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் இராது. உண்மையான லாபம் இருக்கைகளில்தான். ஏடிஆரில் 78 பேர் வரை அமரலாம் என்றால், ஏர்பஸ் ஏ320 விமானத்தில் 180 பேர் அமரலாம். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சீட்டு தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பெரம்பூரிலிருந்து மீனம்பாக்கம் செல்ல ஒரு மணி நேரம், சோதனைக்காக முன்கூட்டியே போய்க் காத்திருப்பது ஒன்றரை மணி நேரம், சீட்டிலுள்ள ஒன்றரை மணி நேரம், பெட்டிக்காகக் கால் மணி நேரம், வாகைகுளத்திலிருந்து வீட்டுக்குக் காரில் முக்கால் மணி நேரம்: ஆக ஐந்து மணி நேரம். 2023 செப்டம்பரில் தொடங்கியபோது எழும்பூர் – திருநெல்வேலி வந்தே பாரத் ரயிலுக்கு வகுத்த நேரம் ஏழு மணி ஐம்பது நிமிடம். இந்த முறை அம்மாவிடம் ஐந்து என்றே சொன்னேன். "அப்போ மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவே" என்றார்.