தூங்கும் கணினியை எழுப்பி பேக்கப் எடுக்க

ராத்திரி பேக்கப் ஓட வேண்டும் என்பதற்காகக் கணினியை நாள் முழுக்க ஆன் செய்தே வைத்திருக்கத் தேவையில்லை. ஸ்லீப்பில் இருக்கும்போதும் நெட்வொர்க் கார்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். மேஜிக் பாக்கெட் என்ற சிறு நெட்வொர்க் செய்தி வந்ததும் அந்தக் கார்டு கணினியை எழுப்பிவிடும், இதற்கு வேக் ஆன் லேன் என்று பெயர். அந்த பாக்கெட்டில் இருப்பது இவ்வளவுதான்: 255 என்ற மதிப்பில் 6 பைட், அதன் பின்னால் அந்தக் கார்டின் மேக் முகவரி (கார்டுக்கே உரிய 6 பைட் அடையாள எண்) 16 முறை. மொத்தம் 102 பைட்.

முதலில் பயாஸ், அதாவது கணினி ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம். வேக் ஆன் லேன் ஆன் ஆக இருக்கட்டும். சில போர்டுகளில் இது பவர் ஆன் பை பிசிஐ-ஈ என்று இருக்கும். ஈஆர்பி, டீப் ஸ்லீப் என்ற மின்சேமிப்பு அமைப்புகள் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள், கார்டுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துவதே அவைதான். கணினி தூங்கிய பிறகு ரூட்டர் பக்கம் போய், அந்தக் கேபிள் செருகிய போர்ட்டின் விளக்கைப் பாருங்கள். அணைந்திருந்தால் மற்ற அமைப்புகளில் நேரத்தைச் செலவிடாமல் பயாஸுக்கே திரும்புங்கள். வைஃபையில் இதை நம்ப வேண்டாம், கேபிள்தான் சரி.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜர் போய், கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் கணினியை எழுப்ப அனுமதிக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். மேஜிக் பாக்கெட் மட்டுமே எழுப்பலாம் என்ற பெட்டியும் முக்கியம். அதை விட்டுவிட்டால் நெட்வொர்க்கில் யார் எதைத் தேடினாலும் கணினி விழித்துக்கொள்ளும். லினக்ஸில் ஈத்டூல் என்ற நெட்வொர்க் கார்டு கட்டளை காட்டும் வேக்-ஆன் வரியில் 'ஜி' இருக்க வேண்டும், 'டி' என்றால் அணைந்திருக்கிறது. ஈத்டூலில் மாற்றியது ரீபூட்டில் போய்விடும். லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் லிங்க் ஃபைலில் எழுதினால் நிலைக்கும்.

பாக்கெட்டை அனுப்ப எப்போதும் ஓடும் ஒரு நாஸோ (நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி) ராஸ்பெரி பையோ (சிறு கணினி) போதும், ஆனால் அது கணினி இருக்கும் அதே சப்நெட்டில் (உள் நெட்வொர்க் பகுதியில்) இருக்க வேண்டும். கணினியின் ஐபிக்கு அனுப்பாதீர்கள். 192.168.1.255 போன்ற, நெட்வொர்க்கில் உள்ள எல்லாக் கருவிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் முகவரிக்கு, யூடிபி 9ஆம் போர்ட்டில் அனுப்புங்கள். "தூங்கிய உடனே சோதித்தால் எழுகிறது, ராத்திரி எழுவதில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஐபிக்கு அனுப்புவதுதான் காரணம். ஐபிக்கும் மேக்குக்கும் உள்ள தொடர்பு, அனுப்பும் கருவியின் ஏஆர்பி பட்டியலில் சிறிது நேரமே இருக்கும். அது அழிந்ததும் பாக்கெட்டுக்குப் போகும் வழி தெரியாது. அனுப்பும் நிரலை டாக்கர் கன்டெய்னரில் ஓட்டினால் ஹோஸ்ட் நெட்வொர்க் கொடுங்கள், டாக்கரின் வழக்கமான பிரிட்ஜ் நெட்வொர்க்கிலிருந்து பிராட்காஸ்ட் வெளியே வராது.

எழுந்துவிட்டது. இனிமேல்தான் பேக்கப்புகள் அதிகம் பாதியில் நிற்கின்றன. யாரும் கீபோர்டைத் தொடாமல் எழுந்த கணினியை விண்டோஸ் 2 நிமிடத்தில் மறுபடி தூங்க வைத்துவிடும். சாதாரண ஸ்லீப் நேரத்தை ஒரு மணி என்று வைத்திருந்தாலும் இது மாறாது, ஏனென்றால் இது 'சிஸ்டம் அன்அட்டெண்டட் ஸ்லீப் டைம்அவுட்' என்ற தனி அமைப்பு. வழக்கமாக மறைந்தே இருக்கும். பவர்சிஎஃப்ஜி கட்டளையால் வெளிக்கொண்டு வந்து 30 நிமிடம் ஆக்குங்கள். பகிர்ந்த ஃபோல்டரிலிருந்து நாஸ் இழுத்தால் தப்பிக்க வாய்ப்புண்டு: கோப்புகள் போய்க்கொண்டிருக்கும்வரை விண்டோஸின் கோப்புப் பகிர்வு டிரைவரான எஸ்ஆர்விநெட் கணினியைத் தூங்க விடாது, பவர்சிஎஃப்ஜி ரிக்வெஸ்ட்ஸில் அது தெரியும். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியாக எடுப்பவர்களுக்கு அந்தக் காவல் கிடையாது. லினக்ஸ் என்றால் பேக்கப் கட்டளையை, தூக்கத்தைத் தடுக்கும் சிஸ்டம்டி-இன்ஹிபிட்டுக்குள் வைத்து ஓட்டுங்கள்.

கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் லினக்ஸ் நிரல்) ஓடும் ஸ்கிரிப்ட், பாக்கெட் அனுப்பும் முன்பே கணினி விழித்திருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். அனுப்பிய பின் பிங்கை நம்பாமல் 22 (எஸ்எஸ்எச்) அல்லது 445 (பகிர்ந்த ஃபோல்டர்) போர்ட் திறக்கும்வரை 5 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். 3 நிமிடத்தில் திறக்காவிட்டால் பிழை என்று மெயில் அனுப்பட்டும். சத்தமில்லாமல் தோற்கும் பேக்கப்பை விட ஆபத்தானது இல்லை. முடிந்ததும், தூங்கிக்கொண்டிருந்த கணினியை மட்டும் திரும்பத் தூங்க வையுங்கள், விழித்திருந்ததில் யாராவது வேலை செய்துகொண்டிருக்கலாம். விண்டோஸில் இதற்குக் கட்டளை தேடி அலைய வேண்டாம். பலரும் சொல்லும் ரன்டிஎல்எல்32 கட்டளை, ஹைபர்னேட் ஆனில் இருந்தால் ஸ்லீப்புக்குப் பதில் ஹைபர்னேட்டுக்குக் கொண்டுபோய்விடும். நாம் வைத்த அந்த 30 நிமிடமே வேலையை முடித்துக்கொடுக்கும்.