லக்னோவில் கல்லான இலைகளைத் தேடி

லக்னோ போகிறவர்கள் இமாம்பாராவைப் பார்ப்பார்கள், ரெசிடென்சியைப் பார்ப்பார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டியிருக்கும் பீர்பல் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்தை எட்டிப்பார்ப்பவர்கள் குறைவு. நான் போனதே அதற்காகத்தான்.

உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஓர் அடிக்கல் இருக்கிறது. வழக்கமான அடிக்கல் அல்ல. பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்து, நிறுவனத்தைத் தொடங்கிய தொல்தாவரவியலாளர் சாஹ்னியே உருவாக்கியது. 1949 ஏப்ரல் 3 அன்று நேரு அதை நாட்டினார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 10 அன்று, சாஹ்னி காலமானார். அதன்பின் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர் மனைவி சாவித்திரி. அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

சரி, கல்லான இலைகளுக்கு வருவோம். குளோசாப்டெரிஸ் என்ற, எப்போதோ அழிந்துபோன மரத்தின் இலை ஒன்றின் மேல் குனிந்து நின்றேன். தடித்த நடுநரம்பு. அதிலிருந்து பிரியும் மெல்லிய நரம்புகள் விளிம்பை நோக்கி வளைந்து, போகிற வழியிலேயே ஒன்றோடொன்று சேர்ந்து வலைக்கண்களாகின்றன. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய இலையில் இதெல்லாம் எண்ணிப் பார்க்கிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. இதற்கு 1828-இல் பெயர் வைத்தவர் பிரெஞ்சுக்காரர் பிராங்னியார்ட்.

ஆனால் அவர் பெயரிட்டது இலைக்கு மட்டும். அதே பாறைகளில் முதுகெலும்புக் கணுக்களைப் போல ஏதோ ஒன்றும் கிடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ராயில் என்பவர் 1833-இல் வெர்டிப்ரேரியா என்று பெயர் கொடுத்தார். அது குளோசாப்டெரிஸ் மரத்தின் வேர் என்பது மிகவும் பிற்பாடுதான் உறுதியானது. அப்படியானால் ஒரு பெயரை நீக்கிவிட வேண்டியதுதானே? இல்லை. மரம் முழுசாகக் கல்லாவது அபூர்வம். இலை ஓரிடம், தண்டு ஓரிடம், விதை வேறெங்கோ என்றுதான் கிடைக்கும். எதோடு எது சேர்ந்தது என்று ஊகித்துப் பெயரிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் தனித்தனிப் பாகங்களுக்குத் தனித்தனிப் பெயர் இருக்கலாம் என்று தாவரப் பெயரீட்டுச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. முதலில் கேட்டபோது எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றியது. யோசித்தால், இதைவிட நேர்மையான ஏற்பாடு இருக்க முடியாது.

பாகங்களைச் சேர்க்கும் துணிச்சலும் சிலருக்கு வரும். ஜார்க்கண்டின் ராஜ்மஹால் குன்றுகளில் கிடைத்த படிவங்களை வைத்து, பக்லாண்டியா என்ற தண்டும் டைலோஃபில்லம் என்ற இலையும் வில்லியம்சோனியா என்ற பூப்போன்ற உறுப்பும் ஒரே தாவரத்தின் பாகங்கள் என்று சாஹ்னி காட்டினார். 1932-இல் அவர் அதற்கு வைத்த பெயர் வில்லியம்சோனியா சீவார்டியானா. கேம்பிரிட்ஜில் தனக்குப் பாடம் சொன்ன சீவார்டைச் சிறப்பிக்கும் விதமாக. தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் 1912-இல் இறந்த, பிரிட்டிஷ் பயணி ஸ்காட்டின் குழுவினர் கடைசிவரை கைவிடாமல் இழுத்துவந்த சுமார் 16 கிலோ கற்களில் குளோசாப்டெரிஸ் இருப்பதைக் கண்டுசொன்னவரும் இதே சீவார்ட்தான்! இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு இந்த இலை ஒரு முக்கியச் சாட்சி.

புதுப் பெயர் வைப்பது இஷ்டத்துக்கு நடக்கிற காரியம் அல்ல. விளக்கம் எழுத வேண்டும், படம் சேர்க்க வேண்டும், எந்தக் கல்லை வைத்துப் பெயரிட்டோம், அது எங்கே இருக்கிறது என்றும் சொல்லியாக வேண்டும். அந்தக் கல்தான் மூலமாதிரி. பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதையேதான் எடுத்துப் பார்க்க வேண்டும். கல்மரமாக இருந்தால் வேலை இன்னும் கூடுதல்: வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்த பிறகுதான் எந்த வகை மரம் என்ற பேச்சே. தேய்க்கும்போது கொஞ்சம் கை தவறினாலும் அந்தச் சீவல் போச்சு.

போகிறவர்கள் அலுவலக நாளாகப் பார்த்து, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். ஒரு கைலென்ஸும் எடுத்துப்போங்கள். நரம்புகளை நன்றாகப் பார்க்க அது உதவும்.