உடைத்த குரூசிபிள்

எங்கள் வார்ப்பட்டறையில் கழித்துப் போட்டிருந்த கிராஃபைட் குரூசிபிளை, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரத்தை, வீட்டில் உருக்கிப் பார்க்க எடுத்துப்போகலாமா என்று அந்த அப்ரண்டிஸ் கேட்டபோது, நான் பதில் சொல்லாமல் சம்மட்டியை எடுத்து அதை உடைத்தேன். செய்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் சொன்னது மனத்தைவிட்டு அகலவில்லை: "உடைச்சது பரவாயில்லைங்க சார், எப்படிப் பண்ணணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

கழித்த குரூசிபிள் பார்வைக்கு முழுதாகவே இருக்கும். தட்டிப் பார்க்கையில் மணியோசை எழாமல் மந்தமாக ஒலிக்கும்போதுதான் உள்ளே விரிசல் ஓடியிருப்பது புலப்படும். இடுக்கியால் தூக்கும் நேரத்தில் அதன் அடி கழன்றுவிட்டால், அவர் வீட்டு மொட்டைமாடியில் கொட்டும் உலோகம் கான்கிரீட்டுக்குள் தங்கியிருக்கும் ஈரத்தை நொடியில் ஆவியாக்கிவிடும்; ஆவியாகும் நீர் ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவதால் தளமே வெடித்துத் தெறிக்கும். இதை அறிந்தவன் அந்தப் பாத்திரத்தை எந்த மனத்தோடு எடுத்துக் கொடுப்பான்?

ஆயினும் அவர் நிறுத்தவில்லை. பழைய டிரம்முக்குள் சூடு தாங்கும் ஃபயர் கிளே களிமண் பூசி, கரி நிரப்பி, காற்றூதும் சிறிய புளோவர் வைத்து, குரூசிபிளுக்குப் பதிலாக அடியை வெல்டிங் செய்து மூடிய இரும்புக் குழாயில் அலுமினியத்தை உருக்கிய படத்தைப் பின்னொரு நாள் கைபேசியில் காட்டினார். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், இரும்பு உருகாது என்பது அவர் போட்ட கணக்கு. உருகிய அலுமினியம் இரும்பைக் கரைக்கும் என்பதும், ஒவ்வொரு முறையும் குழாயின் சுவர் மெலிந்துகொண்டே வரும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் உடைத்ததைவிட ஆபத்தான ஒன்று அவர் வீட்டில் இருந்தது. அதற்கு என் மௌனமும் காரணமா? நான் பேசியிருந்தாலும் காசில்லாதவர் குழாயைத்தான் தேடியிருப்பார் என்று சொல்லிக்கொள்கிறேன். சில நாள்களில் அது போதுமானதாக இருக்கிறது, சில நாள்களில் இல்லை.

அன்று மட்டும் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். புதிய குரூசிபிளானாலும் மெல்லச் சூடேற்றி ஈரத்தைப் போக்க வேண்டும். இடுக்கியால் அதன் வயிற்றுப் பகுதிக்குக் கீழே பிடிக்க வேண்டும். வார்க்கும் இடத்தில் உலர்ந்த மணல் பரப்பியிருக்க வேண்டும். அச்சில் துளி ஈரமும் கூடாது. பித்தளை மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும், அதைச் சுவாசித்தால் காய்ச்சல் காணும், எங்களுக்கே புகைபோக்கி இல்லாமல் முடியாது என்று விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டார்.