பிடிக்காமல் நிற்கத் தெரிந்த பையன்

தருமபுரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றும் எனக்கு, கபடித் தேர்வு நாள்களில் பெரும் பொறுப்பாகத் தோன்றுவது எதிரணி ரைடரைப் பிடிக்கும் பையன்களை மதிப்பிடுவதுதான். எதிரணிப் பக்கம் நுழைந்து ஆட்களைத் தொட்டுத் திரும்பும் ரைடரின் திறமை கண்ணில் பட அதிக நேரம் ஆகாது. அவன் தொட்டு வந்த புள்ளிகள் ஸ்கோர் ஷீட்டிலும் அப்படியே ஏறிவிடும். தடுக்கும் வரிசையின் ஓரமான கார்னரிலோ, உள்ளே தள்ளிய கவரிலோ நிற்பவன் எடுக்கும் நல்ல முடிவுகளில் பாதி எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. ரைடர் ஒன்றும் கிடைக்காமல் திரும்பினால் அதை எம்ப்டி ரைடு என்று குறித்துவிட்டு ஆட்டம் நகர்ந்துவிடுகிறது. அவனை அப்படித் திருப்பி அனுப்பியது யார் நின்ற நிலை, யாருடைய பொறுமை என்பதை உன்னித்துப் பார்த்தவர் மட்டுமே சொல்ல முடியும்.

பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒல்லியான பையன் ஒருவனை முன்வைத்து இதைச் சொல்ல விரும்புகிறேன். பத்தாம் வகுப்பு மாணவன். ரைட் கார்னரில் நிற்பவன். தேர்வு ஆட்டத்தில் அவன் பிடித்தது சொற்பம்தான். எதிரணியில் அதே இடத்தில் நின்ற, உடல் வாகு மிகுந்த இன்னொரு பையன் வந்தவர்களையெல்லாம் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தான். என்னோடு தேர்வுக்குழுவில் இருந்த மூத்த பயிற்சியாளர், “சார், இந்த ஒல்லிப் பையன் பாதி நேரம் சும்மாவே நின்னுட்டு இருந்தானே, இவனை எதுக்குப் பட்டியல்ல வெக்கணும்னு சொல்றீங்க?” என்று கேட்டார். “அவன் நின்ன பக்கம் ரைடர் ரெண்டு தடவை வந்து பாத்துட்டு அப்புறம் எட்டியே பாக்கலை, கவனிச்சீங்களா சார்?” என்று நான் கேட்டேன். அவர் உடனே மறுக்கவில்லை. அடுத்த பாதியில் அந்தப் பையனை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லி நாற்காலியை அந்த ஓரத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

கார்னர் வாழும் இடம் மிகச் சிறியது. ஆடவர் ஆடுகளத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் தாண்டியாக வேண்டிய பாக் லைன், அதற்கு ஒரு மீட்டர் பின்னால் போனஸ் கோடு, அதற்குப் பின்னால் கடைசிக் கோடு வரை மிஞ்சுவது 1.75 மீட்டர் மட்டுமே. களத்தில் ஆறு பேரோ அதற்கு மேலோ இருக்கும்போது போனஸ் என்னும் கூடுதல் புள்ளி எடுக்க வரும் ரைடர், ஒரு காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறு காலைத் தரையிலிருந்து தூக்க வேண்டும். கணுக்காலைப் பிடிக்கக் கார்னருக்கு அமையும் நல்ல தருணம் அதுதான். அனுபவமுள்ள ரைடர் தூண்டில் போடும் தருணமும் அதுவே. நீட்டிய காலில் அவனுடைய உடல் எடை இறங்கியிருந்தால் அதை உடனே பின்னுக்கு இழுக்க முடியாது, பாய்ந்து பிடிக்கலாம். எடை பின்னங்காலில் இருந்தால் நீட்டிய கால் வெறும் ஆசை காட்டல். பாய்ந்தவன் மண்ணைப் பிடிக்க, ரைடர் அவன் முதுகைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் போய்விடுவான். இந்த வேறுபாட்டை நொடிக்கும் குறைவான நேரத்தில் படிக்க வேண்டும். அந்தப் பாலக்கோட்டுப் பையனின் கண்கள் ரைடரின் கையிலோ முகத்திலோ இல்லாமல் இடுப்பிலேயே நின்றன. நீட்டப்பட்ட கால்களில் பலவற்றை அவன் விட்டுவிட்டான். விட்டவற்றில் பெரும்பாலானவை தூண்டில்கள். அவன் பாய்ந்தபோது ரைடரின் எடை முன்னங்காலில் இருந்தது.

பிடி தவறினால் அதன் விலை பெரிது. பிடிக்கப் போனவன் வெளியேறுகிறான், எதிரணிக்கு ஒரு புள்ளி சேர்கிறது, அவர்களில் வெளியே உட்கார்ந்திருந்த ஒருவன் உள்ளே வருகிறான். கார்னர் அவசரப்பட்டுப் பாய, அவனுக்குத் துணையாகக் கவரும் வந்து சேர்ந்து, ரைடர் இருவரையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டுவிட்டால் நிலைமை இன்னும் மோசம். புரோ கபடி போன்ற தொழில்முறை ஆட்டத்தில் தொடர்ந்து இரண்டு ரைடுகள் புள்ளியின்றிப் போனால் மூன்றாவது ரைடில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் ரைடர் வெளியேற வேண்டும். ஒரு ரைடுக்கான 30 நொடிகள் ஓடி முடியும் நெருக்கடி அப்போது ரைடருக்குத்தான். அந்த ரைடின் தொடக்கத்திலேயே பாயும் பையனுக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் ஆட்டம் இன்னும் புரியவில்லை என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிளாக இரண்டு புள்ளி கிடைக்கும். அந்த நேரத்தில் ஒரு பையன் தலைகால் தெரியாமல் ஓடுகிறானா, பக்கத்தில் நிற்பவனுக்குச் சைகை காட்டிவிட்டு இடம் மாறுகிறானா என்பதைப் பார்ப்பதற்காகவே தேர்வு ஆட்டத்தில் சில நிமிடங்கள் மூன்று பேரை மட்டும் நிறுத்தி ஆடச் சொல்வேன்.

உடல் வாகு இந்த வயதில் கண்ணை மிகவும் ஏமாற்றும். பதினான்கு, பதினைந்து வயதில் முன்னதாக வளர்ந்துவிட்டவன் வளராதவர்களைப் பலத்தால் மட்டுமே மடக்கிவிட முடியும். காலடி வைப்பையோ நேரக் கணிப்பையோ கற்றுக்கொள்ள வேண்டிய தேவை அவனுக்கு வருவதே இல்லை. மற்றவர்கள் வளர்ந்து சேரும் பதினெட்டு வயதில் அவனுடைய பிடிகள் நழுவத் தொடங்கும். தாமதமாக வளர்பவனோ அதுவரை கணிப்பால் மட்டுமே பிழைத்திருப்பான். சட்டென்று உயரம் கூடும் மாதங்களில் காலும் கையும் சொன்னபடி கேட்காமல் தடுமாறுவதும், முழங்காலுக்குக் கீழே வலிப்பதும் இயல்பு என்பதால், அந்த மாதங்களில் ஆடிய ஆட்டத்தை வைத்து எவனையும் தள்ளிவிடக் கூடாது என்று குழுவில் வாதாடுவேன். எடை வரம்புக்குள் நுழைவதற்காகத் தேர்வுக்கு முந்தைய நாள் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தும் பழக்கம் பையன்களிடையே இருக்கிறது. வளரும் உடலுக்கு இதைவிடப் பெரிய கேடு வேறில்லை. அப்படிக் காய்ந்து வந்து நிற்கும் பையனின் ஆட்டத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதும் உண்மை.

அந்தப் பையனின் தந்தை பெங்களூரில் கட்டட வேலை செய்பவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத் தேர்வைப் பார்க்க வந்திருந்தார். “ஒடம்பு பத்தலைன்னு எல்லாரும் சொல்றாங்க சார், நான்கூட இருபது வயசுக்கு மேலதான் இப்படி ஆனேன்” என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கு அது மிகவும் பயனுள்ள தகவலாக இருந்தது. பையனின் பாதமும் உள்ளங்கையும் அவனுடைய உயரத்துக்குப் பெரியவையாக இருந்ததை நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன்.

பிடிப்பவர்கள் முதிர்வதற்குக் காலம் எடுக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. தஞ்சாவூர்ப் பகுதியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன் ரைட் கார்னர். நாற்பது வயதைக் கடந்த பிறகு, 2016இல் நான்காவது புரோ கபடிப் பருவத்தில் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பையை வென்றார். 2019இலும் களத்தில் நின்றார். பிடிப்பவர்களுக்கு மதிப்பில்லை என்ற பேச்சும் இப்போது செல்லாது. 2018 ஏலத்தில் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி என்ற கார்னர் ஆட்டக்காரரை ஒரு கோடி ரூபாய்க்கு யு மும்பா அணி எடுத்தது.

எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பொங்கலை ஒட்டி ஊர்தோறும் நடக்கும் போட்டிகளில் மண்ணில் ஆடிப் பழகியவர்கள், தேர்வில் முதன்முறையாக மேட் என்னும் செயற்கை விரிப்பில் கால் வைக்கிறார்கள். வெறுங்காலால் மண்ணைப் பற்றிப் பழகியவனுக்கு ஷூவோடு மேட்டில் எங்கே நின்று உந்திப் பாய வேண்டும் என்பது புதிதாகக் கற்க வேண்டிய ஒன்று. ஆகவே மேட்டில் முதல் நாள் வழுக்கியதை நான் குறையாகக் கணக்கில் எடுப்பதில்லை; இரண்டாம் நாளில் அடியைச் சுருக்கி வைக்கிறானா என்று பார்க்கிறேன். அந்தப் பாலக்கோட்டுப் பையன் சுருக்கி வைத்தான். அதுபோலவே, ஒரு பிடி தவறி வெளியே போய்த் திரும்ப வந்தவன் அடுத்த ரைடில் எங்கே நிற்கிறான் என்பதையும் பார்ப்பேன். கோபத்தில் முன்னேறி நிற்பவர்கள் உண்டு, பயத்தில் கடைசிக் கோட்டோடு ஒட்டிக்கொள்பவர்களும் உண்டு. இவன் பழைய இடத்திலேயே வந்து நின்று, கார்னருக்கு அடுத்து உள்பக்கமாக நிற்கும் ‘இன்’ ஆட்டக்காரனின் கையை மறுபடி பற்றிக்கொண்டான். அன்று காலையில்தான் அறிமுகமான பையனின் கை அது.

இரண்டாம் பாதி முடிந்ததும் மூத்த பயிற்சியாளர் என்னிடம் வந்து, “பையன் பாக்கறான் சார், நல்லாவே பாக்கறான். ஆனா பிடிச்சா நிக்கற அளவுக்குக் கையில வலு இல்லையே” என்றார். அதுவும் சரியான பேச்சே. கணுக்காலை இரு கைகளாலும் பூட்டியபோதுகூட ஒரு முறை பலமான ரைடர் உதறிக்கொண்டு போய்விட்டதை நானும் பார்த்தேன். கணிப்பு இருந்தும் பிடி நிற்காவிட்டால் மேல்நிலை ஆட்டத்தில் இடமில்லை. ஆனால் கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் வலு சேர்க்கப் பயிற்சி முறைகள் இருக்கின்றன. பதினைந்து வயதில் இடுப்பைப் பார்த்துக் காத்திருக்கும் பழக்கத்தை வெளியிலிருந்து புகுத்துவது அதைவிடப் பல மடங்கு கடினம் என்று நான் சொன்னேன். உடல் வாகு மிகுந்த பையனை முதல் ஏழு பேரில் வைத்தோம். அன்றைய போட்டிக்கு அவன் தகுதியானவன்தான். ஒல்லிப் பையனை மாற்று ஆட்டக்காரனாகச் சேர்த்தோம்.

அவனைப் பற்றிய குறிப்பை நானே எழுதினேன். இடுப்பைப் பார்த்து எடையைக் கணிக்கிறான், தூண்டிலுக்கு இரையாவதில்லை; கை வலு போதாது, தொடையைப் பிடிக்கும்போது தலையைத் தவறான பக்கம் வைக்கிறான், கழுத்தில் அடிபடும் முன் அதைத் திருத்த வேண்டும்; எடையைக் குறைக்கச் சொல்லக் கூடாது; அடுத்த தேர்வுக்கு முன்பு வாரம் இருமுறையாவது மேட்டில் ஆட வாய்ப்பு வேண்டும்; பிடித்த எண்ணிக்கையோடு, அவன் பக்கம் ரைடர் எத்தனை முறை வந்தான் என்பதையும் தனியாக எண்ண வேண்டும். மூத்த பயிற்சியாளர் படித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டார்.