குளிருக்குக் கரி அடுப்பு வேண்டாம்

ஊட்டியில் உறைபனி தொடங்கிவிட்டது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளிலும் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கரி மூட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். புகை இல்லையே என்று நம்பாதீர்கள், வெறும் தணலிலிருந்தும் அது வரும்.

சரி, பிறந்த குழந்தைக்குக் குளிருமே? தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும் போட்டு அம்மாவின் வெறும் நெஞ்சோடு அணைத்து, மேலே கம்பளி போர்த்துங்கள். மூக்கும் வாயும் மூடக் கூடாது, அணைத்திருப்பவர் விழித்திருக்க வேண்டும். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், எடை குறைந்த குழந்தைகளுக்காகத் தொடங்கிய முறை இது. அப்பாவும் செய்யலாம் (எங்கள் வீட்டில் அவர்தான் இதில் கெட்டிக்காரர்).

உடம்பு சில்லிட்டு, பாலும் குடிக்காவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.