நாயகன் இறந்த பிறகும் ஓடும் கதை

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா என்றதும் பலரும் ‘செவன் சாமுராய்’ படத்துக்குத்தான் போவார்கள். எனக்கு 1952-இல் வந்த ‘இகிரு’தான் முதலில்.

தொடக்கமே ஒரு வயிற்றின் எக்ஸ்ரே. நகராட்சி அதிகாரி வதனபேவுக்குப் புற்றுநோய் என்பது அவருக்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடும். சாவதற்குள் கழிவுநீர் தேங்கும் ஓரிடத்தில் குழந்தைகளுக்குப் பூங்கா அமைக்கத் துணிகிறார்.

சரி, இனி அந்தப் போராட்டத்தைக் காட்டுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், ஐந்து மாதம் தாண்டி நேராக இழவு வீடு! படத்தில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் பாக்கி. என்ன துணிச்சல்!

துணை மேயர் பூங்காவின் பெருமையை வதனபேவுக்குத் தர மறுக்கிறார். அந்த நேரம் பார்த்து அப்பகுதிப் பெண்கள் வந்து, வதனபேவின் புகைப்படத்தின் முன் ஊதுவத்தி ஏற்றி அழுகிறார்கள். யாரும் எதுவும் பேசவில்லை. துணை மேயரால் அங்கே உட்கார முடியவில்லை, கிளம்பிவிடுகிறார். அப்புறம்தான் சக ஊழியர்கள் குடித்துக்கொண்டே, ஆளுக்கொரு துண்டாக உண்மையைச் சொல்லத் தொடங்குகிறார்கள். வதனபேவை நாம் முழுதாகப் பார்ப்பது அந்தத் துண்டுகளில்தான். ஒவ்வொரு முறையும் தொண்டை அடைத்துவிடுகிறது.

போதையில் அவர்கள் செய்யும் சத்தியம் மறுநாள் அலுவலகத்தில் என்ன ஆகிறது என்பதையும் குரோசாவா ஒளிக்காமல் காட்டிவிடுகிறார். அதை நீங்களே பாருங்கள்.